சாலையோர மரங்களின் இலைகளும் நகரத்துப் புகையும்: வாசகர் கேள்வி – பதில்

தெருவில் நிற்கும் மரங்களின் இலைகள் முன்போல் இல்லையே, இதற்குக் காற்றில் கலந்த மாசுதான் காரணமா என்ற கவலையைப் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புங்க மரத்தின் இலைகள் தை பிறந்ததிலிருந்து சாம்பல் பூசியதுபோல் கிடக்கின்றன. பக்கத்தில் பாலம் கட்டும் வேலையும் நடக்கிறது. இந்தத் தூசு வெறும் அழுக்குத்தானா, மரத்துக்கு உண்மையிலேயே கேடு செய்கிறதா?
– வாசகி, புரசைவாக்கம், சென்னை

கேடு செய்கிறது. ஆனால் அது எந்த வழியில் நடக்கிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். தூசு மூடியதால் இலைக்கு மூச்சு முட்டுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இலை காற்றை உள்வாங்கும் நுண்துளைகள், அதாவது இலைத்துளைகள், பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்புறத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் விரலால் தொட்டுப் பார்க்கும் தூசோ மேற்புறத்தில் படிந்திருக்கிறது. ஆகவே அந்தத் தூசு முதலில் கெடுப்பது வெளிச்சத்தை. பச்சையத்துக்குச் சேர வேண்டிய ஒளியின் ஒரு பகுதியைத் தூசுப் படலம் தடுத்துவிடுவதால், இலை தயாரிக்கும் உணவு குறைகிறது.

இரண்டாவது கேடு வெப்பம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களின் பெரும் பங்கைச் சுத்தமான இலை திருப்பி அனுப்பியோ ஊடுருவிப் போகவிட்டோ தன்னைச் சூடேறாமல் காத்துக்கொள்கிறது. தூசு படிந்த இலையால் அப்படிச் செய்ய முடிவதில்லை. அந்தக் கதிர்களைத் தூசு உறிஞ்சி, இலையையும் சேர்த்துச் சூடாக்குகிறது. சூடேறிய இலை தன்னைத் தணித்துக்கொள்ள அதிக நீரை ஆவியாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சென்னையில் மண் வறண்டிருக்கும் மாசி முதல் ஆனி வரையிலான மாதங்களில் இந்தக் கூடுதல் செலவு மரத்துக்கு மிகவும் கனமானது.

இலைத்துளைகளுக்கு வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் வருகிறது. இலைத்துளையின் வாய் நன்றாகத் திறந்திருக்கும்போதும் அதன் அகலம் சில மைக்ரான்களே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். வண்டிப் புகையில் மிகுந்திருக்கும் பி.எம். 2.5 துகள்கள் இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த விட்டம் கொண்டவை. அவை காற்றோடு சுழன்று இலையின் அடிப்புறத்தையும் எட்டி, துளையின் விளிம்பில் தங்கி, அது சரியாக மூடிக்கொள்ள முடியாமல் செய்துவிடுகின்றன. மூட முடியாத துளை வழியே இரவும் பகலும் நீர் கசிகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் யூர்கன் புர்க்ஹார்ட் என்ற ஆய்வாளர் இதில் இன்னொரு நுட்பத்தையும் காட்டியிருக்கிறார். உப்புத் தன்மையுள்ள துகள்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இலையின் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவுகின்றன. அந்தப் படலம் இலைத்துளைக்குள் இறங்கி, அகல்விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது.

படிந்த தூசு முழுவதையும் மழை கழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம். இலையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. மேலாகக் கிடக்கும் தூசு மழையில் போய்விடும். மெழுகுக்குள் புதைந்த நுண்துகள்கள் இலை உதிரும்வரை அதிலேயே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவப்பட்ட உங்கள் புங்க மரம், அதற்குப் பிறகு இத்தனை வாரங்கள் மழையே இல்லாமல் நிற்கிறது. நல்ல வேளையாகப் புங்கம் இளவேனிலை ஒட்டித் தன் பழைய இலைகளை உதிர்த்து, பளபளப்பான புதுத் தளிர்களை விடும் மரம். அழுக்கேறிய ஆடையை மாற்றிக்கொள்ளும் வசதி அதற்கு ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கிறது. ஓர் ஆண்டுக்கும் மேலாக ஒரே இலையை வைத்திருக்கும் மாமரத்துக்கு அந்த வசதி குறைவு.

குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது உதவும். விடியற்காலையில் செய்யுங்கள், இலையின் அடிப்புறத்திலும் நீர் படட்டும், சோப்பு வேண்டாம். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால், நீர் காய்ந்த பிறகு உப்பு இலையில் தங்கி, மேலே சொன்ன கேட்டை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

தூசு கண்ணுக்குத் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் வரும் வாயுக்கள் இலைக்குள் என்ன செய்கின்றன?
– கல்லூரி மாணவர், எண்ணூர்

ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு விதமாகத் தாக்குகிறது. உள்ளே நுழையும் வழி மட்டும் ஒன்று. உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும் என்பதற்காக இலை தன் துளைகளைத் திறக்கிறது. திறந்த துளை வழியே மற்ற வாயுக்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. நல்ல வெயிலில், நல்ல நீர்வளத்தோடு, சுறுசுறுப்பாக வேலை செய்யும் இலைதான் அதிக நஞ்சை உள்ளே வாங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வேதனை தரும் உண்மை.

நிலக்கரியும் கந்தகம் கலந்த எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்ஸைடை முதலில் பார்ப்போம். அது இலைக்குள் செல்களைச் சூழ்ந்திருக்கும் நீரில் கரைந்து சல்பைட்டாகவும் அமிலமாகவும் மாறுகிறது. பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றி, அந்த இடத்தில் ஹைட்ரஜனை உட்கார வைத்துவிடுகிறது. நிறம் பச்சையிலிருந்து மங்கிய பழுப்புக்கு மாறுகிறது. கீரையைப் புளி விட்டு வேகவைத்தால் அதன் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதே வேதிமாற்றம்தான். பாதிக்கப்பட்ட இலையில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறிப் பழுப்பாகும். ஆனால் கந்தகம் செடிக்கு ஓர் ஊட்டச்சத்தும்கூட. சிறிய அளவில் மெதுவாக வந்தால் சல்பைட்டைச் சல்பேட்டாக மாற்றி, இலை அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அந்த மாற்றும் திறனை மீறி வரும்போதுதான் அது நஞ்சாகிறது.

2009-ல் அறிவிக்கப்பட்ட நமது தேசியக் காற்றுத் தர வரையறையில் கந்தக டை ஆக்ஸைடின் ஆண்டுச் சராசரி, குடியிருப்பு மற்றும் தொழிற்பகுதிகளில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். சூழலியல் முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் 20-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் தாவரங்களைக் காப்பதற்கென்று வகுத்துள்ள வரம்பும் இதே 20-தான். நகரத்தில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிகளைப் பொறுத்தவரை நிலைமை தேறியிருக்கிறது: 2020 ஏப்ரல் முதல், வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிப்படி எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் 50 பங்கு வரை அனுமதி இருந்தது. நிலக்கரியை எரிக்கும் இடங்களின் அருகேதான் இந்த வாயு இன்னும் பெரிய கவலையாக இருக்கிறது.

ஓசோன் வேறு வகை. அது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் எரிபொருள் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து, நண்பகலுக்குப் பின் உச்சத்தை எட்டும் வாயு அது. 1940-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கீரை வகைகளின் இலைகள் காரணம் புரியாமல் வெளிறியும் கருகியும் போயின. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர்தான், அந்நகரத்துப் புகைமூட்டம் வெயிலில் ஓசோனை உண்டாக்குகிறது என்பதையும் இலைச் சேதத்துக்கு அந்த வினைகளே காரணம் என்பதையும் 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். ஓசோன் செல்களின் சவ்வைத் தாக்கும்; இலையின் மேற்புறத்தில், நரம்புகளைத் தொடாமல், ஊசியால் குத்தியதுபோல் நுண்புள்ளிகள் தோன்றும். இளம் இலைகளைவிட முதிர்ந்த இலைகளில் இது மிகுதி. புள்ளிகளே தோன்றாமலும் இலை காலத்துக்கு முன்பே மூத்து உதிர்வதுண்டு.

எத்திலீனைப் பற்றி ஒரு வார்த்தை. பழங்களைப் பழுக்க வைக்கும் வாயு என்று நாம் அறிந்த அதே எத்திலீன் வண்டிப் புகையிலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகளுக்குச் சென்ற எரிவாயுக் குழாய்கள் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தவறி இலை உதிர்த்தன. 1901-ல் ரஷ்யாவின் டிமித்ரி நெல்யூபோவ், விளக்கு வாயுவில் செடிகளைப் பாதிக்கும் பொருள் எத்திலீனே என்று கண்டறிந்தார். இலைகளை உதிர்க்கச் செடி தனக்குள்ளேயே பயன்படுத்தும் ஒரு சமிக்ஞையைப் புகை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறது.

எங்கள் பகுதியில் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் அதிகம். இந்தத் தூசும் மற்றச் சாலைத் தூசும் ஒன்றுதானா?
– ஆசிரியை, அரியலூர்

ஒன்றல்ல. சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் தூள் ஒளியை மறைக்கும், இலையைச் சூடாக்கும். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். சூளையில் சுடப்பட்ட பிறகு வரும் தூசு கடுமையானது. அதிலுள்ள கால்சியம் ஆக்ஸைடு பனி ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பு நீராகிறது; அந்தக் காரம் இலையின் மெழுகுப் பூச்சை அரித்து, அடியிலுள்ள செல்களைப் புண்ணாக்குகிறது. நனைந்து காய்ந்து நனைந்து காயும்போது அது சுவரில் பூசிய பூச்சுபோல் இறுகி ஒட்டிக்கொள்வதால், சாதாரண மழைக்கு அசைவதில்லை. பூக்களின் சூலகமுடியில் படிந்தால் மகரந்தம் முளைப்பதும் தடைபடும். ஆகவே காய்ப்புக் குறைவதையும் கவனியுங்கள். ஆலையிலிருந்து வருவதா, லாரியிலிருந்து சிந்துவதா என்று அறிய விரும்பினால், சாலையிலிருந்து விலகி, காற்று வீசும் திசையில் நிற்கும் ஒரு மரத்தின் இலையையும் சாலையை ஒட்டிய மரத்தின் இலையையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கள் தெருவில் உள்ள பெரிய வேப்பமரம் திடீரென்று நுனிக்கிளைகள் கருகி, தீயில் வாட்டியதுபோல் ஆகிவிட்டது. போக்குவரத்து அதிகமான சாலை. புகைதான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா?
– ஓய்வுபெற்ற அலுவலர், மதுரை

நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி இல்லை. மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரங்களின் நுனித்தண்டுகளில் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி தாக்குவதும், அதோடு ஒரு வகைப் பூஞ்சாணம் சேர்ந்து நுனிகளைக் கருகச் செய்வதும் தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுகின்றன. நன்றாக வேரூன்றிய மரம் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. ஏனென்றால் இலையில் தெரியும் எல்லாக் குறையையும் புகையின் மேல் போட்டுவிட்டால், உண்மையான காரணம் கவனிக்கப்படாமல் மரம் செத்துப்போகும். மா இலையின் மேல் கரி பூசியதுபோல் படியும் கறுப்பைப் பலர் வண்டிக் கரி என்று நினைக்கிறார்கள். தத்துப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளரும் கரும்பூஞ்சாணம் அது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய படலமாக உரிந்துவரும், இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். புங்க இலையில் மருக்கள் போல் எழும்பும் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்களின் வேலை. கடற்கரை ஊர்களில், கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பிலிருந்து கருகினால் உப்புக் காற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

நகரத்தில் நான் அடிக்கடி காணும் காரணம் இவை எதிலும் சேராதது. அடிமரத்தைச் சுற்றி ஓர் அங்குலம்கூட விடாமல் சிமெண்டுக் கல் பதித்து, மழைநீர் வேருக்கு இறங்க வழியின்றி அடைத்து, வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரையும் வெட்டிவிட்டு, பின்பு இலை விளிம்பு காய்கிறதே என்று மேலே பார்த்துப் புகையைக் குறை சொல்கிறோம். உங்கள் வேப்பமரத்தின் அடியைத் தயவுசெய்து முதலில் பாருங்கள்.

புகையின் பாதிப்பை எப்படி அடையாளம் காண்பது? பூச்சியும் பூஞ்சாணமும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மர வகையைத் தேர்ந்து தாக்கும். காற்று அப்படித் தேர்வதில்லை. ஒரே இடத்தில் நிற்கும் வெவ்வேறு வகை மரங்களில் ஒரே காலத்தில் ஒத்த குறிகள் தோன்றினாலும், சாலையைப் பார்த்த பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தாலும், மாசைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலில் சேர்க்கும் கல்பாசியை அறிவீர்கள். அதுபோன்ற பாசிப்பூஞ்சைகள் மரப்பட்டையின் மேல் வளரும். இலைக்கு இருப்பதுபோன்ற மெழுகுப் பூச்சோ மூடித் திறக்கும் துளையோ அவற்றுக்கு இல்லை. காற்றிலும் மழையிலும் இருப்பதை அப்படியே உடல் முழுவதும் உறிஞ்சுகின்றன. 1866-லேயே வில்லியம் நைலாண்டர் என்ற தாவரவியலாளர், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் இவற்றின் இருப்பைக் கொண்டு காற்றின் தூய்மையை அறியலாம் என்று எழுதினார். சாலையோர மரங்களின் பட்டை வெறுமையாக இருக்க, இரண்டு மூன்று தெரு தள்ளி உள்ள அதே வகை மரத்தின் பட்டையில் சாம்பல் பச்சைத் திட்டுகள் செழித்திருந்தால், இலையைவிடத் தெளிவாகப் பட்டையே பதில் சொல்லிவிடுகிறது.

தேசிய நெடுஞ்சாலைகளின் நடுவில் ஏன் அரளியையே நடுகிறார்கள்? புகையைத் தாங்கும் மரங்கள் எவை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

அரளி வறட்சியைத் தாங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை மறைக்கும். செடி முழுவதும் நஞ்சாக இருப்பதால் ஆடுமாடு வாய் வைக்காது. இவற்றோடு அதன் இலையமைப்பும் ஒரு காரணம். அரளியின் இலைத்துளைகள் இலைப்பரப்பில் நேராகத் திறப்பதில்லை. அடிப்புறத்தில் சிறு குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளுக்குள் மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. துளைகள் அவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கின்றன. உள்ளே போகும் காற்று வடிகட்டியைக் கடப்பதுபோல் அந்த மயிர்களைக் கடந்தே போகிறது. வறண்ட நிலத்தில் நீரைக் காக்க உருவான அமைப்பு, லாரிகள் ஓடும் சாலையிலும் அந்தச் செடிக்குக் கைகொடுக்கிறது.

தாங்குதிறனை அளக்க இந்தியாவிலேயே உருவான ஒரு முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது. சிங், ராவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-ல் முன்வைத்த குறியீடு அது. இலையிலுள்ள அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், இலைச்சாற்றின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு, நீர்ப்பிடிப்பு ஆகிய நான்கையும் அளப்பார்கள். பச்சையத்தின் அளவையும் பி.எச். மதிப்பையும் கூட்டி, அதை அஸ்கார்பிக் அமிலத்தின் அளவால் பெருக்கி, நீர்ப்பிடிப்பு விழுக்காட்டைச் சேர்த்துப் பத்தால் வகுப்பார்கள். நெல்லிக்காயில் நிறைந்திருக்கிறது என்று நாம் சொல்லும் வைட்டமின் சி-தான் அஸ்கார்பிக் அமிலம். ஓசோனும் கந்தக வாயுவும் செல்லுக்குள் உண்டாக்கும் எரிச்சலை முதலில் எதிர்கொண்டு அணைப்பது அதுதான் என்பதால் கணக்கில் அதற்குப் பெரிய இடம். மா, ஆல், அரசு போன்றவை இந்திய நகரங்களில் நடந்த அளவீடுகளில் பல முறை உயர்ந்த மதிப்பைப் பெற்றிருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமை வளையம் அமைப்பதற்கான வழிகாட்டியை 2000-ல் வெளியிட்டது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மாசைத் தாங்குவதும் தூசைப் பிடிப்பதும் ஒரே குணமல்ல. சொரசொரப்பும் மயிரும் உள்ள தேக்கு இலை தூசை நன்றாகப் பிடிக்கும். நீண்ட காம்பில் இளங்காற்றுக்கும் அசைந்தாடும் வழவழப்பான அரச இலை பிடித்ததை உதறிவிடும். எந்தக் குறியீடும் பருவத்துக்குப் பருவம் மாறும்; ஆகையால் ஒரு நாள் எடுத்த அளவை வைத்துக்கொண்டு ஒரு மரத்தை ஊரெங்கும் நடுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

சாலையில் நிறைய மரம் வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?
– வாசகர், கோயம்புத்தூர்

மரம் எங்கே, எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் பார்பரா மேகர் குழுவினர், போக்குவரத்து மிகுந்த ஒரு தெருவில் வரிசை வீடுகளின் முன்னால் இளம் பிர்ச் மரங்களைத் தொட்டிகளில் நிறுத்தி அளந்தபோது, அந்த வீடுகளுக்குள் நுண்துகள்கள் பாதிக்கும் மேல் குறைந்ததை 2013-ல் வெளியிட்டார்கள். பிர்ச் இலையின் சிறு மேடுகளும் மயிர்களும் வண்டிகளிலிருந்து வரும் இரும்புத் துகள்களைப் பிடித்து வைத்திருந்தன. இலையின் காந்தத் தன்மையை அளந்தே எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. அதேசமயம், இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய குறுகிய தெருவில் மரங்களின் தலைகள் கூரைபோல் பின்னிக்கொண்டால், கீழே வண்டிகள் விடும் புகை மேலே போக வழியில்லாமல் நடப்பவர்களின் முகத்தருகே தங்கிவிடும் என்பதும் அளந்து கண்ட உண்மை. அகலமான சாலையில் பெரிய மரமும், குறுகிய தெருவில் புகைக்கும் நடைபாதைக்கும் நடுவே இடுப்பளவு, தலையளவு உயரமுள்ள அடர்ந்த செடி வேலியும் பொருந்தும்.

நகரத்து மரம் எப்போதும் நலிந்தே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2003-ல் நேச்சர் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த காட்டன்வுட் என்ற அமெரிக்க மரத்தின் கன்றுகளை நியூயார்க் நகருக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள கிராமப்புறங்களிலும் வளர்த்துப் பார்த்தார்கள். நகரத்துக் கன்றுகள் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தன. நகரில் வண்டிகள் விடும் நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனை அங்கேயே தீர்த்துவிடுகிறது. காற்றோடு வெளியே போன புகை கிராமத்து வெயிலில் ஓசோனாகித் தங்குகிறது. நகரத்தின் புகையால் நகரத்துக்கு வெளியே உள்ள தோப்புகள் பட்ட பாட்டைத்தான் அந்தக் கன்றுகள் காட்டின. கோவையைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளையும் இந்தக் கண்ணோடு யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சித்திரை முதல் நாள் பச்சடிக்குச் சாலையோர வேப்பமரத்தின் பூவைச் சேகரிக்கலாமா? முருங்கைக் கீரை?
– இல்லத்தரசி, சேலம்

உள்தெருவில் நிற்கும் மரமாக இருந்தால் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். பேருந்துகளும் லாரிகளும் ஓடும் பெரிய சாலையின் ஓரத்து மரமென்றால் விட்டுவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலக்காத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது என்றாலும், முன்பு படிந்த ஈயம் சாலையோர மண்ணிலிருந்து எளிதில் நீங்குவதில்லை. தூசாகத் திரும்பத் திரும்ப எழும்பும். முருங்கைக் கீரை முழுதாகவே உணவாவதால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்; மெழுகில் பதிந்த துகள் அலசினால் போகாது.

எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்துக் காட்ட எளிய வழி உண்டா?
– எட்டாம் வகுப்பு மாணவி, வேலூர்

உண்டு. பெரிய சாலையில் ஒரு மரத்தையும், பள்ளிக்குள் அல்லது அமைதியான தெருவில் அதே வகை மரம் ஒன்றையும் தேர்ந்துகொள்ளுங்கள். புங்கமோ பூவரசோ நல்லது. இலை அகலமாக இருக்கும். மழை பெய்து குறைந்தது பத்து நாள் ஆன பிறகு, இரண்டிலும் ஒரே உயரத்தில், முதிர்ந்த இலைகளாகப் பத்துப் பத்து பறியுங்கள். ஈரமான வெள்ளைத் துணித் துண்டு ஒவ்வொன்றாலும் ஓர் இலையின் மேற்புறத்தைத் துடைத்து, துண்டுகளை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள்.

இலைத்துளைகளைப் பார்க்க, இலையின் அடிப்புறத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். அதன்மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால், துளைகளின் அச்சு நாடாவோடு வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்து, ஒரே அளவுள்ள பரப்பில் எத்தனை துளைகள் என்று இரண்டு மரங்களுக்கும் எண்ணுங்கள். ஓர் இலையில் மட்டும் எண்ணி நிறுத்தாமல் பத்து இலைகளிலும் எண்ணிச் சராசரி எடுங்கள். இரண்டு மரங்களுக்கும் வேறுபாடே தெரியாவிட்டாலும் கிடைத்த எண்களை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே கிளைகளிலிருந்து மறுபடி இலை எடுத்து ஒப்பிடும்போது அவை தேவைப்படும்.